அழுத்தக்குறியா, ஓதற்குறியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

இறையியல் மாணவர்களுக்கான எபிரேயத் தட்டச்சுக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். விவிலிய எபிரேயத்தில் எழுத்தின் மேலும் கீழும் வரும் 'தஅமிம்' குறிகளை யூனிகோடு 'ஆக்சன்ட்' என்கிறது. 'அழுத்தக்குறி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– செ.

> 'அழுத்தக்குறி' என்று போட்டிருக்கிறேன்

சரியில்லை ஐயா. இந்தக் குறிக்கு மூன்று வேலை: அழுத்தம் எந்த அசையில், எந்தச் சொல் அடுத்ததோடு சேரும், எந்த மெட்டில் ஓதுவது. இவற்றில் ஒன்றான 'பஷ்தா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் எங்கிருந்தாலும் அது சொல்லின் கடைசி எழுத்தின் மேல்தான் உட்காரும். அதை அழுத்தக்குறி என்றால் பையன் தப்பான அசையை அழுத்துவான். 'ஓதற்குறி' என்று வையுங்கள்.
– மா.

நன்னூலார் ஓசையை எடுத்தல் (உயர்த்தல்), படுத்தல் (தாழ்த்தல்), நலிதல் (இடைப்பட ஒலித்தல்) என்று அன்றே பிரித்துவிட்டார். 'எடுப்புக்குறி' இருக்க வேறு எதற்கு? இன்னொன்று: 'தஅம்' என்றால் எபிரேயத்தில் சுவை. அரபியில் 'தஆம்' உணவு. நம் பண்ணிலும் சுவை உண்டு. எனவே 'சுவைக்குறி'யும் பொருந்தும். இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.
– இரா.

தனியாகவே எழுதுங்கள் ஐயா. சுவைக்குறி என்று அச்சடித்தால் 'உப்புக்குறி எங்கே' என்பார்கள். எடுப்புக்குறியும் ஆகாது, இந்தக் குறிகளில் படுத்தலும் உண்டே. தமிழ் வேதாகமத்தில் 'எழுத்தின் உறுப்பு' என்று ஏற்கெனவே இருக்கிறது. 'எழுத்துறுப்பு' எனலாமே?
– தா.

அந்த இடம் எழுத்தின் வடிவில் இருக்கும் சிறு கோட்டைச் சொல்கிறது. இங்கே பேசுவது எழுத்துக்கு வெளியே நிற்கும் குறி.
– மா.

பொதுச்சொல்லை விடுங்கள், என் நிஜச் சிக்கல் இது. 'யேரா பென் யோமோ', 'அத்னாக் ஹாஃபூக்' என்று இரண்டு குறிகள். முன்னது எபிரேய விவிலியத்தின் உரைநடைப் புத்தகங்கள் 21இல் மொத்தமே 16 இடத்தில் வருகிறது. பின்னது சங்கீதம், நீதிமொழிகள், யோபு ஆகிய மூன்றுக்கும் உரியது, அவற்றின் குறிமுறையே தனி. 2005இல் யூனிகோடு 4.1 வரும் வரை இரண்டுக்கும் 05ஏஏ என்ற ஒரே குறியெண். பிறகுதான் பின்னதற்கு 05ஏ2 கிடைத்தது. பழைய கோப்பில் சங்கீதத்தில் 05ஏஏ இருந்தால் அது எந்தக் குறி என்று மாணவனுக்குச் சொல்ல வேண்டும். பெயர்களைத் தமிழாக்கவா, ஒலிபெயர்க்கவா?
– செ.

ஒலிபெயர்ப்பே போதும். ஒருமுறை கொடுத்த பெயரை யூனிகோடு மாற்றாது, நாம் ஏன் தொட வேண்டும்? தேடுபவனுக்கும் அதுதான் உதவும்.
– மா.

'யேரா பென் யோமோ' என்றால் ஒரு நாள் வயது நிலா. 'நாட்பிறை' என்று அழகாக வருமே! பின்னது 'தலைகீழ் அத்னாக்'.
– இரா.

ஒரு நாள் நிலாவை யார் பார்த்தார்கள் ஐயா, நமக்கு மூன்றாம் பிறைதானே கண்ணில் படும்.
– தா.

சரி, நேரமில்லை. பொதுச்சொல் 'ஓதற்குறி', முதல் தடவை மட்டும் 'ஆக்சன்ட் எனப்படும்' என்று சேர்க்கிறேன். தனிப்பெயர்கள் ஒலிபெயர்ப்பில். மூன்று பேர் இதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள், இரண்டு பேர் அரைமனதோடு.
– செ.

அரைமனது இல்லை, முழு மறுப்பு. நாட்பிறையை அடிக்குறிப்பிலாவது போடுங்கள். சுவைக்குறி பற்றிய கட்டுரை நாளை வரும்.
– இரா.