மேக்னானுக்குத் தமிழ்: ‘காந்தத்துகள்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

காந்தங்களின் இயற்பியலில் வரும் மேக்னான் (magnon) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘காந்தத்துகள்’ என்று இந்த இழையில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்கள். வாய்க்கு வரும் சொல்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. இங்கே கொடைக்கானலில் இளநிலை இயற்பியல் மாணவிகளிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். “இரும்புத்தூள் மாதிரியா சார்?” என்று உடனே கேட்டார் ஒருவர். துகள் என்றால் வேறு எதை நினைப்பார்?

இந்தத் துறையில் அந்தக் குழப்பம் வரவே கூடாது. ஏனென்றால் இங்கே நிஜமாகவே ஒரு குட்டிக் காந்தம் இருக்கிறது: இட்ரியம் இரும்பு கார்னெட் என்ற காந்தப் படிகத்தில் செய்த, அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. காந்தப்புலத்தில் வைத்தால் அதற்குள் கோடானுகோடி எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் (spin) ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். கொஞ்சம் ஆற்றல் கொடுத்தால் அந்த அணிவகுப்பில் ஒரு சாய்வு உண்டாகி அலையாகப் பரவும். மன்னவனூர்ப் புல்வெளியில் காற்றடிக்கும்போது புல் இடம்விட்டு நகர்வதில்லை, சாய்வுதான் ஓடுகிறது, இல்லையா? அதுபோலத்தான். 1930-இல் இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக் சொன்ன அலை இது. இதன் ஆற்றல் வழுக்கிக்கொண்டு ஏறாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத்தான் ஏறும். அந்த ஒரு படிதான் மேக்னான்.

2015-இல் டோக்கியோவில் நாகமுரா குழுவினர் இந்த உருண்டையையும் ஒரு மீக்கடத்துக் கியூபிட்டையும் (மின்தடையே இல்லாத மின்சுற்றால் ஆன, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) ஒரே நுண்ணலைப் பெட்டிக்குள் வைத்து, தனிச்சுழிக்கு (இதற்குக் கீழே குளிரவே முடியாது என்ற வெப்பநிலைக்கு) மேல் ஏறத்தாழ நூறில் ஒரு கெல்வின் வரை குளிர்வித்து, இரண்டையும் பேசவைத்தார்கள். 2020-இல் உருண்டைக்குள் ஒரே ஒரு மேக்னான் இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கியூபிட்டை வைத்தே கண்டுபிடித்தார்கள். இதை ‘காந்தத்தில் ஒரே ஒரு காந்தத்துகள்’ என்று எழுதிப் பாருங்கள். காந்தம் உடைந்துவிட்டதோ என்று தோன்றும்.

மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘காந்தன்’ என்றால் கணவன். லட்சுமிகாந்தன், ரஜினிகாந்தன் எல்லாரும் வரிசையில் வந்து நிற்பார்கள். எலக்ட்ரானுக்கு மின் - மின்னி என்று சொல் ஆக்கிய வழியில் போனால் ‘காந்தி’. அதைப் பற்றி மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ‘காந்த அலை’யைச் சேர்த்து எழுதினால் ‘காந்தவலை’, மீன்பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். -அன் விகுதியும் எப்போதும் கைகொடுப்பதில்லை. ஒளியின் துகளான போட்டானுக்கு ஒளியன் சரி, ஆனால் படிகத்தின் அதிர்வுக்கு உரிய போனானுக்கு (phonon) ஒலியன் என்று போனால் மொழியியல்காரர்கள் அதை ஏற்கெனவே phoneme-க்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என் பரிந்துரை: அலைக்குச் ‘சுழலலை’, மேக்னானுக்குச் ‘சுழலலைத்துளி’. குவாண்டத்துக்குத் துளிமம் என்று எழுதுகிறவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. எண்ணவும் வரும்: ஒரு துளி, இரண்டு துளி. நீளம்தான் என்பது தெரியும். கட்டுரையில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் ‘துளி’ என்றே ஓட்டிவிடலாம். மாணவிகளிடமும் சொன்னேன், இரும்புத்தூள் பேச்சு எழவில்லை, ஆனால் “தண்ணியா சார்?” என்று ஒரு குரல் வந்தது. அது விளையாட்டுக்குக் கேட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மாற்றுச்சொல் தருகிறவர்கள் 2020 ஆய்வைப் பற்றிய அந்த வாக்கியத்தில் வைத்து எழுதி அனுப்புங்கள். காந்தங்களில் வரும் இன்னொரு சொல்லான ஸ்கிர்மியானுக்குத் (skyrmion) தனி இழை தொடங்கலாம், இதில் கலக்க வேண்டாம்.