கலைச்சொல் விவாதம்: அறக்காயமா, அறப்புண்ணா?

அனுப்புநர்: மருத்துவ உளவியலர், உதகை

குழுவினருக்கு வணக்கம்.

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பகுதிகளில் குடியிருக்கும் முன்னாள் படைவீரர்களிடம் கொடுக்கப்போகும் கேள்வித்தாளுக்குச் சொற்பட்டியல் ஏறக்குறையத் தயார். ஒரு சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது: மாரல் இஞ்சுரி.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு மருத்துவம் பார்த்த அமெரிக்க உளமருத்துவர் ஜொனாதன் ஷே 1994-இல் இதற்கு ஒரு பொருள் வகுத்தார். உயிர் பணயமாக இருக்கும் நேரத்தில், அதிகாரத்தில் உள்ளவர் முறைதவறி நடந்தால் அவருக்குக் கீழே இருப்பவனுக்குள் உண்டாகும் முறிவு என்பது அது. 2009-இல் பிரெட் லிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் பார்வையைத் தன்மேலேயே திருப்பினார்கள்: தானே செய்தது, தடுக்காமல் விட்டது, பார்க்க நேர்ந்தது என எதுவானாலும், தான் ஆழமாக நம்பும் அறத்துக்கு மாறாக நடந்ததன் பின்விளைவு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடான டி.எஸ்.எம்.-5, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 இரண்டிலும் இது நோய்ப்பெயர் ஆகவில்லை. ஆகவே 'கோளாறு', 'நோய்', 'சீர்கேடு' என்று முடியும் எந்தச் சொல்லும் வேண்டாம்.

'தார்மீகக் காயம்' என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் 'தார்மீக' என்றதுமே அடுத்து 'பொறுப்பேற்று ராஜினாமா' என்று வாய் தானாகச் சொல்கிறது. என் முன்மொழிவு: அறக்காயம்.

---

அனுப்புநர்: தமிழாசிரியர், கோத்தகிரி

அம்மா, 'அற' சரி. 'காயம்' வேண்டாம். காயம் என்றால் உடம்பும்தான். சித்த மருத்துவம் அறிந்தவர் காயகல்பத்துக்குப் போவார், சமையற்கட்டில் இருப்பவர் பெருங்காயத்துக்குப் போவார்.

போர்க்களத்துக்கென்றே தமிழ் வைத்திருக்கும் சொல் 'புண்'. மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண். விழுப்புண் படாத நாளெல்லாம் வீண்நாள் என்று குறள் எண்ணுகிறது. முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த படை மார்பில் பாய்ந்து முதுகில் வெளிப்பட்டதற்கே சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். உடல் ஆறினாலும் உள்ளம் ஆறாத நிலைக்கு இதைவிடப் பழைய சான்று எங்கே தேடுவது? 'அறப்புண்' என்று வையுங்கள். விழுப்புண், புறப்புண், அறப்புண்: ஒரே குடும்பம்.

---

அனுப்புநர்: ஓய்வு பெற்ற சுபேதார், வெலிங்டன்

புலவர் ஐயா கோபிக்கக் கூடாது. 'அறப்புண்' என்பதை ஒருவர் வாசித்துச் சொல்ல, கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர் காதில் 'புறப்புண்' என்றுதான் விழும். பட்டாளத்துக்காரனிடம் போய் முதுகில் பட்ட புண் உண்டா என்று கேட்பது போல ஆகிவிடும்.

'காயம்' என்பதிலும் வேறொரு சிக்கல் இருக்கிறது மேடம். ரெக்கார்டில் காயம் என்றால் மெடிக்கல் போர்டு, சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் கூடியதா, டிஸெபிலிட்டி பென்ஷன் எத்தனை சதவீதம் என்றுதான் முன்னாள் படைவீரர் மனசு ஓடும். இங்கே வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரின் வாசகமே 'ஸ்வதர்மே நிதனம் ஷ்ரேயஹ', தன் கடமையில் மடிவது மேல் என்பது. அதைப் படித்துப் பழகியவருக்கு அறம் என்றால் கடமை. 'அறக்காயம்' என்றால் கடமையில் இருந்தபோது பட்ட காயம் என்றே எடுத்துக்கொள்வார். நீங்கள் கேட்பது அதற்கு நேர் எதிரானது.

இன்னும் பணியில் இருக்கிறவர்களிடமும் இந்தத் தாள் போகும் என்றால் இதையும் கவனியுங்கள். மெடிக்கல் கேட்டகரி 'ஷேப்' என்ற ஐந்து எழுத்தில் போடுவார்கள். முதல் எழுத்து எஸ், அதுதான் மனசு. அதில் ஒன்றிலிருந்து இறங்கினால் லோ மெடிக்கல். புரமோஷன், கோர்ஸ், போஸ்டிங் எல்லாம் அதைப் பார்த்துத்தான். காது கேட்கவில்லை என்று சொல்லத் தயங்காதவர்கூட எஸ் என்றால் வாயைத் திறக்க மாட்டார். தாளில் எந்தப் பெயர் போட்டாலும் 'இல்லை' என்றுதான் டிக் விழும். டென்ஷன், தூக்கம் வரல, மனசு சரியில்ல, வீட்டில் எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன்: இப்படித்தான் பேசுகிறார்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டார்கள்.

---

அனுப்புநர்: உளமருத்துவர், குன்னூர்

சுபேதார் சார் சொன்ன தயக்கம் இங்கே மட்டும் இல்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் சென்று வந்த அமெரிக்கப் படையினர் பற்றி 2004-இல் சார்ல்ஸ் ஹோக் குழு வெளியிட்ட ஆய்வில், உளநலப் பாதிப்புக்கான அளவுகோலைத் தாண்டியவர்களில் 23 முதல் 40 சதவீதம் பேர்தான் உதவி நாடியிருந்தார்கள். பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம், பாதிப்பு இருந்தவர்களிடம்தான் அதிகம்.

ஆசிரியர் ஐயாவின் சேரமான் சான்று அழகானது, ஆனால் இடம் மாறியிருக்கிறது. அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. எதிரே நின்றுதான் அடிபட்டான். அவனை வருத்தியது மானம். நாம் பெயர் தேடுவது 'நான் செய்தது சரியில்லை' என்று ஒருவன் தனக்கே சொல்லிக்கொள்வதற்கு. அதற்குத் 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்ற குறள்தான் பொருந்தும்.

பி.டி.எஸ்.டி.யோடு, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் உளநோயோடு, இதைக் குழப்பாதிருக்கத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். 1980-இல் டி.எஸ்.எம்.-3-இல் பி.டி.எஸ்.டி. இடம்பெற்றபோது அது பதற்ற நோய்களின் கூட்டத்தில் இருந்தது, 2013-இல் டி.எஸ்.எம்.-5 அதைத் தனி அதிகாரத்துக்கு மாற்றியது. இப்போது 20 அறிகுறிகள், நான்கு தொகுதிகள். வேண்டாமலே வந்து மோதும் நினைவுகளில் ஒன்று, தவிர்த்தலில் ஒன்று, எண்ணமும் மனநிலையும் கெடுவதில் இரண்டு, உடல் எந்நேரமும் முறுக்கி நிற்பதில் இரண்டு என ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். குற்றவுணர்வும் தலைகுனிவும் மூன்றாம் தொகுதியில் ஒரு மூலையில்தான் வருகின்றன. ஆகவே திடுக்கிடல் இல்லை, கெட்ட கனவு இல்லை, ஆனால் பத்து ஆண்டாகக் கோயிலுக்குள் கால் வைக்காதவர், பிள்ளையைத் தூக்கக் கை கூசுபவர் இந்த வலையில் சிக்கவே மாட்டார்.

சிகிச்சையிலும் வேறுபாடு உண்டு. அச்சத்தை எதிர்கொள்ளப் பழக்கும் நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை, 90 நிமிட அமர்வுகளாக 8 முதல் 15 வரை போகும். அதன் அடிப்படை, 'ஆபத்து முடிந்துவிட்டது' என்று மூளைக்குப் புரியவைப்பது. தன் கையால் ஒன்று நடந்துவிட்டது என்று நம்புபவருக்கு ஆபத்து முடிந்த செய்தியால் என்ன பயன்? எடுத்தவுடன் 'உங்கள் தவறில்லை' என்று ஆறுதல் சொன்னால், இவருக்கு விஷயமே புரியவில்லை என்று எழுந்து போய்விடுவார்.

இனி, கேள்வித்தாளின் மொழிபெயர்ப்பு வரைவில் கண்ட கோளாறுகள். கலைச்சொல்லைவிட எனக்கு இவைதான் கவலை.

'துரோகம்' என்று ஐந்து இடத்தில் இருக்கிறது. மேலதிகாரி கைவிட்டதைக் கேட்கும் வரிகள் அவை. சீருடைக்காரரிடம் துரோகம் என்றால் தேசத்துரோகம். 'கைவிட்டுவிட்டார்கள்' என்று மாற்றுங்கள்.

'வெட்கம்' என்று போட்ட இடத்தில் சிரிப்புத்தான் வரும். பெண் பார்க்கப் போனவர் படும் வெட்கம் அது. 'அவமானம்' பிறர் செய்வது. தனக்குள் தானே கூனிப்போவதற்குத் 'தலைகுனிவு' என்பதே நெருக்கம். மாரல் இஞ்சுரியை அளக்கும், 14 கேள்விகள் கொண்ட எம்.ஐ.ஓ.எஸ். அளவுகோலில் பாதி தலைகுனிவு, பாதி நம்பிக்கை முறிவு. இந்த ஒரு சொல் பிசகினால் ஏழு கேள்விகள் பழுது.

'மன அழுத்தம்' என்பதைச் செய்தித்தாள்கள் நெருக்கடிக்கும் போடுகின்றன, மனச்சோர்வுக்கும் போடுகின்றன. போதாததற்கு, 'எனக்கு அழுத்தம் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று ரத்த அழுத்தத்தைச் சொல்பவர்களும் உண்டு. ஈழத்து உளநல எழுத்துகளில் 'நெருக்கீடு' (ஸ்ட்ரெஸ்), 'மனவடு' (ட்ராமா) இரண்டும் தெளிவாகப் பிரிந்து வழங்குகின்றன. ஆய்வேட்டில் அவற்றை எடுத்துக்கொள்வோம். தாளில் 'மனதை உலுக்கிய சம்பவம்' போதும்.

பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்.-5 கேள்விப்பட்டியலின் பதினேழாவது கேள்வி, எந்நேரமும் உஷாராக இருப்பது பற்றி. நீலகிரியில் பொழுது சாய்ந்தபின் தேயிலைத் தோட்டத்து வழியாக நடப்பவர் உஷாராக இல்லாவிட்டால் காட்டெருமையின் கொம்பில்தான் போய் நிற்பார். எல்லோரும் நான்கு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். 'ஆபத்தில்லாத இடத்திலும்' என்று சேருங்கள். பதினெட்டாவது திடுக்கிடல், யானை விரட்ட வெடி போடும் கூடலூர்ப் பக்கத்தில் அதற்கும் இதே பாடு. 80-க்கு 31 முதல் 33 வரை என்ற எல்லைக்கோடு, இப்படி நான்கு நான்காகக் கூடினால் பொருளற்றுப் போகும்.

---

அனுப்புநர்: தமிழாசிரியர், கோத்தகிரி

டாக்டர் மானத்தையும் அறத்தையும் பிரித்தது சரி. புண்ணை விட்டுவிடுகிறேன். ஆனால் 'மனசாட்சி உறுத்தல்' என்று மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே கலைச்சொல் ஆக்கினால் என்ன?

---

அனுப்புநர்: மருத்துவ உளவியலர், உதகை

ஐயா, உறுத்தல் செய்தவனுக்கு வரும். ஷே சொன்னது செய்யப்பட்டவனுக்கு. அதிகாரி கைவிட்டதால் உடைந்தவனுக்கு உறுத்த என்ன இருக்கிறது? லிட்ஸின் பாதிக்கு மட்டும் அது பொருந்துகிறது.

சுபேதார் சாரின் தடை தாளைப் பற்றியது. ஆய்வேட்டுக்கு அது தடையில்லை. ஆகவே இப்படிப் பிரிக்கிறேன். ஆய்வேடு, பாடநூல், அகராதி: அறக்காயம். அதற்குக் காரணமான நிகழ்வு: அறமீறல். இரு கிளைகள்: தன்மீறல், கைவிடப்படுதல். 'அறக்காயமுற்றோர்' என்று ஆட்களுக்கு முத்திரை குத்தும் வடிவம் வேண்டாம். கேள்வித்தாளில் இவை ஒன்றுகூட வராது. 'மனசாட்சி உறுத்துகிறது', 'கைவிட்டுவிட்டார்கள்' என்ற இரண்டு முழு வாக்கியங்களே அந்த வேலையைச் செய்யும்.

மொழிபெயர்ப்பு முறை வழக்கமானதுதான்: ஒருவர் தமிழாக்குவார், குழு திருத்தும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார், பிறகு பத்துப் பேரிடமாவது வாய்விட்டுப் படிக்கவைத்து 'இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்' என்று கேட்போம். 'துரோகம்' மறுமொழிபெயர்ப்பில் தப்பித்துவிடும், ஏனென்றால் ஆங்கிலத்தில் அது சரியான சொல்லாகவே திரும்பி வரும். இந்தக் கடைசிப் படியில்தான் மாட்டும். அந்தப் பத்துப் பேரில் அதிகாரிகள் மட்டும் இருக்கக் கூடாது. சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலையில் ஓய்வு பெற்றவர்கள் பாதிப் பேராவது வேண்டும்.

---

அனுப்புநர்: ஓய்வு பெற்ற சுபேதார், வெலிங்டன்

அப்படியென்றால் சரி மேடம். இன்னும் இரண்டு. தாளின் தலைப்பில் 'மனநலம்' வேண்டாம். 'ஓய்வுக்குப் பின் உடம்பும் உறக்கமும்' என்று போடுங்கள். ஆர்மி நம்பர், யூனிட், ரேங்க் மூன்றையும் கேட்கும் கட்டங்களை எடுத்துவிடுங்கள். சின்ன ஊர், யூனிட்டும் ரேங்கும் இருந்தாலே ஆளைச் சொல்லிவிடலாம்.

---

அனுப்புநர்: உளமருத்துவர், குன்னூர்

கட்டங்களை எடுக்கலாம். ஆனால் மனச்சோர்வுக்காகப் பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலையும் பின்னால் இணைத்திருக்கிறீர்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. பெயரில்லாத தாளில் அதற்கு ஒருவர் 'ஏறக்குறைய தினமும்' என்று குறித்தால், யார் என்று தெரியாமல் நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். ஒன்று, முதல் எட்டுக் கேள்விகளை மட்டும் வைத்த வடிவத்துக்கு மாறுங்கள். அல்லது தாளை நிரப்பும் இடத்திலேயே ஒரு ஆலோசகர் கடைசிவரை உட்கார்ந்திருக்கட்டும். எதுவானாலும் கீழே கிழித்து எடுத்துக்கொள்ளும் சீட்டில் அரசின் உளநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸின் எண் 14416 பெரிய எழுத்தில் இருக்கட்டும். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.