பேச்சு வராத அப்பாவுக்கு அம்பா பாட்டு மட்டும் எப்படி வருகிறது?

தங்கச்சிமடத்தான்:
அப்பாவுக்கு 71 வயது. நாற்பது வருசம் கரைவலை இழுத்தவர். ஆறு மாதத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறியது, பேச்சு தேறவில்லை. நாம் சொல்வது புரிகிறது. ஆனால் தண்ணி வேண்டுமென்றால் சொம்பைக் காட்டி "அந்த... அந்த..." என்பார், அதற்கு மேல் வராது. கோபத்தில் சொம்பைத் தட்டிவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பையன்கள் வலை இழுத்தார்கள். முன்னால் நின்றவர் அம்பா, அதாவது வலை இழுக்கும்போது பாடும் பாட்டை, எடுத்ததும் அப்பா "ஏலேலோ" என்று பதில் கொடுத்தார். அப்புறம் அடுத்த அடி, அதற்கடுத்த அடி, ஒரு சொல் விடாமல். இடது கை தொடையில் கயிறு இழுத்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து "என்னப்பா பாடினீங்க?" என்றால் பழையபடி "அந்த...". நடிக்கிறார் என்கிறார் சித்தப்பா. வயிறு எரிகிறது.

பேச்சுப் பயிற்சிக்காரி:
நடிப்பு இல்லை தம்பி. 1861ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு "டான்" என்ற ஒரே சத்தம்தான் வாயில் வந்தது. இறந்தபின் பார்த்தால் மூளையின் இடது முன்பகுதி கெட்டிருந்தது. வலது கையை ஆட்டுவிப்பதும் இடது மூளைதான். அதனால்தான் உங்கள் அப்பாவுக்குக் கையும் பேச்சும் சேர்ந்து போயின.

மெட்டைப் பிடிப்பதில் வலது மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. தவிர, "தண்ணி" என்று கேட்க ஒரு சொல்லைத் தேடி எடுக்கவேண்டும். ஆயிரம் தடவை பாடிய அம்பாவில் தேடவே வேண்டாம், ஓர் அடி அடுத்த அடியை இழுத்துக்கொண்டு வரும்.

1973ல் பாஸ்டனில் இதை வைத்தே ஒரு பயிற்சி கொண்டுவந்தார்கள். வெறுமனே பாட்டுப் பாடினால் பேச்சு வந்துவிடாது. வேண்டிய சொல்லையே மெட்டில் போடவேண்டும். "தண்-ணி-தா" என்று ஏற்றி இறக்கி, அசைக்கு ஒரு தட்டு, இடது கையால். முதலில் நீங்கள் முனகுங்கள், பிறகு சேர்ந்து பாடுங்கள், அப்புறம் மெல்ல விலகுங்கள். எல்லாருக்கும் பலிக்காது. பேச்சுப் பயிற்சி தருபவரிடம் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

கீழக்கரைவாசி:
எங்கள் மாமா இதற்கு நேர் எதிர். பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது, ஆனால் வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் வாசித்தால் எந்தப் பாட்டென்றே தெரியாது. காதில் குறை இல்லை, பிறவியிலேயே அப்படி. இதற்கு அம்யூசியா என்று பெயர். மவ்லிது (நபிகள் நாயகத்தின் புகழ்ப்பாட்டு) ஓதும்போது உதடு மட்டும் அசைப்பார்.

தங்கச்சிமடத்தான்:
மூன்று வாரமாக அம்பா மெட்டிலேயே சொல்லிக்கொடுத்தேன். நேற்று சொம்பைக் காட்டாமல் "தண்-ணி-தாஆ" என்றார். கடைசி எழுத்தைக் கரையில் இழுக்கிற மாதிரியே இழுத்தார். சித்தப்பா எழுந்துபோய் மொண்டு கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. ஒரு சிக்கல் அக்கா: டீ வேண்டுமென்றாலும் "தண்ணி தா" தான் வருகிறது. டீ ஓர் அசைதானே, அதை எப்படி ஏற்றி இறக்குவது?