ஈஸ்டர் இரவுத் திருப்பலி: சின்னப் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: மூத்தவளுக்கு 5 வயது, சின்னவனுக்கு 2. போன வருடம் பாதியிலேயே இருவரும் அழ, நான் கோவில் வாசலிலேயே நின்றுவிட்டேன். இந்த முறையாவது முழுதாக இருக்க ஆசை. என்ன செய்கிறீர்கள்?

பதில் 1: மதியம் நன்றாகத் தூங்க வையுங்கள். இருட்டில் பாஸ்கா திரியிலிருந்து (அன்றிரவு முதலில் ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி) ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக வெளிச்சம் பரவும் பாருங்கள், பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள், அதை மட்டும் காட்டிவிட்டுச் சின்னவனோடு ஒருவர் வீடு திரும்பினாலும் தவறே இல்லை.

பதில் 2: நாங்கள் காலைத் திருப்பலிக்கு மாறிவிட்டோம். அப்புறம் வீட்டில் முட்டைக்கு வண்ணம். "ஏன் முட்டை?" என்றாள் மகள். ஓடுதான் இயேசுவின் மூடிய கல்லறை, உள்ளிருந்து உயிர் வருகிறது என்றேன்.

பதில் 3: எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள் அக்கா, தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்து திருவிழா வரை 50 நாள் ஈஸ்டர் காலம்தானே.

கேட்டவர்: சரி, மெழுகுவர்த்தி வரை கட்டாயம் இருப்போம். நன்றி!