பழைய அச்சுப்படத்தில் பழுப்புப் புள்ளி

கேள்வி: கொழும்புக் கோட்டையைக் காட்டும் 19ஆம் நூற்றாண்டு லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்). வெள்ளவத்தை வீட்டில், கண்ணாடிச் சட்டத்துக்குள். புள்ளி பரவுது. பிளீச் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், தாளின் நார் பலவீனமாகிவிடும். கையால் வர்ணம் பூசியிருந்தால் அதுவும் போய்விடும். சட்டத்தைக் கழற்றுங்கோ, தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காமல் காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கோ. பின்னால் ஹார்ட்போர்ட் என்றால் எடுத்துவிடுங்கோ, அதன் அமிலம் தாளில் இறங்கும். அமிலமற்ற மவுண்ட் அட்டை (படத்தைத் தாங்கிச் சட்டமிடும் அட்டை) போட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் 2–3 மி.மீ. இடைவெளி விடுங்கோ. படத்தை அட்டையில் ஒட்ட ஜப்பானியத் தாளில் (மெல்லிய, உறுதியான தாள்) இரண்டு கீல், அதாவது சிறு பட்டைகள், கோதுமை மாச்சத்துப் பசை, மேல்விளிம்பில் மட்டும். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் விரியும் தாள் நெளியும். செலோடேப் கறை பிறகு போகாது.

மற்றொரு பதில்: மழை அடிக்கிற வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டாதேங்கோ, தம்பி. வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கட்டும்.