புதுப்பிப்பு: லேப்டாப்பில் கேலக்ஸிக் கொத்து

சாதாரண லேப்டாப்பில் கேலக்ஸிக் கொத்தை (ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் கேலக்ஸிகளின் கூட்டம்) உருவகப்படுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாராளமாக முடிகிறது. வாயுவை விட்டுவிட்டுக் கரும்பொருளின் (ஒளி விடாத, கண்ணுக்குத் தெரியாத பொருள்) ஈர்ப்பை மட்டும் கணக்கிட்டேன். கொத்தின் நிறையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதுதானே.

கரும்பொருளைத் துகள்களாகப் பிரித்துத்தான் கணக்கு. அதில் இரண்டு துகள்கள் ரொம்ப நெருங்கினால் விசை எகிறி, ஒன்றைத் தூக்கி வீசிவிடும். குறுகிய தூரத்தில் விசையை மழுக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. அப்புறம் ராத்திரி முழுக்க ஓடியது. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இடிமழை, தோட்டத்துப் பக்கம் கரண்ட் போய்விட்டது. நல்லவேளை, பேட்டரி தாங்கியது.

காலையில் பார்த்தால், கரும்பொருள் நூல் மாதிரி நீண்டு சேர்ந்த இழைகள் சந்திக்கும் இடத்தில் கொத்து, சுற்றிலும் குட்டிக் கட்டிகள்! 1933இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற கேலக்ஸிக் கொத்தில் கண்ட மாதிரியே, நடுவில் விநாடிக்குச் சுமார் 1000 கிலோமீட்டர் வேகச் சிதறல் (வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு). அடுத்து வாயுவையும் சேர்க்கணும். அதற்கு இந்த லேப்டாப் பத்தாது.