பிரிண்ட்டைப் பார்த்து "இது நான் இல்லீங்க" என்பவர்கள்: ஸ்டுடியோ அனுபவங்கள்

டார்க்ரூம்:
பாஸ்போர்ட் சைஸ் பிரிண்ட் கைக்கு வந்ததும் பக்கத்தில் போன் செல்ஃபியை வைத்துப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு கல்லூரிப் பெண் கேட்டது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை: "அண்ணா, என் காது எப்ப இவ்ளோ பெருசாச்சு?"

காது மாறவில்லை. கையை மடக்கி எடுக்கும் செல்ஃபி 30 செ.மீ. தூரம். மூக்கு நுனிக்குப் பின்னால் 12 செ.மீ. தள்ளிக் காது என்று வையுங்கள். லென்ஸுக்கு மூக்கு 30, காது 42. காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெருசாக விழும், காது சுருங்கி முகத்துக்குப் பின்னால் ஒளியும். ஸ்டுடியோவில் மூக்கு 150, காது 162. வித்தியாசம் 8 சதவீதம்தான். தினம் நூறு தடவை பார்ப்பது செல்ஃபி, அதனால் அதுதான் நிஜ முகம் என்று பதிந்துவிடுகிறது.

செட்டிமேளம்:
போன்ல இருக்கிறது அகலமா பிடிக்கிற வைடு லென்ஸ், அவ்ளோதான் விஷயம். கேமராவுல தூரத்தைக் கிட்ட காட்டுற 85 எம்எம் லென்ஸ் மாட்டினா தீர்ந்தது. ஒரு மாப்பிள்ளை 85-ல எடுத்ததைப் பார்த்துட்டு "முகம் தட்டையா இருக்கு, போன்லயே எடுங்க"ன்னார்!

நிழல்அளவு:
செட்டிமேளம், லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். ஒன்றரை மீட்டரில் நின்று 24 எம்எம் வைடு லென்ஸில் ஒன்று, 85-ல் ஒன்று எடுங்கள். 24-ல் எடுத்த படத்தை முகம் அதே அளவு வரும்வரை கிராப் செய்யுங்கள், அதாவது ஓரங்களை வெட்டுங்கள். மூக்கு, காது விகிதம் அச்சு அசல் ஒன்றே. தெளிவு குறையும், வடிவம் மாறாது. 85 செய்வதெல்லாம் உங்களைப் பின்னால் தள்ளி நிறுத்துவதுதான்.

லென்ஸைத் திட்ட வேண்டிய இடம் குரூப் போட்டோ. ஃபுல்ஃபிரேம் (பழைய 35 எம்எம் பிலிம் அளவு சென்சார்) கேமராவில் 24-ல் படத்தின் இடது, வலது விளிம்பில் தலை கால்பங்கு கூடுதல் அகலமாகும்; 50-ல் சுமார் 6 சதவீதம். மண்டபத்தில் இடமில்லையா? ஆட்களை இரண்டு வரிசையாக்குங்கள், ஓரங்களில் காலி விட்டுப் பிறகு வெட்டுங்கள். போனில் 0.5 (மிக அகலமாகப் பிடிக்கும் அல்ட்ராவைடு) வேண்டவே வேண்டாம். அத்தையை ஓரத்தில் நிறுத்தினால் ஆல்பம் திரும்பி வரும். போனில் தனி முகம் என்றால் பின்கேமரா, 2x ஜூம், கண் மட்டத்தில் ஸ்டாண்ட், 10 நொடி டைமர். பியூட்டி மோடை முதலில் அணையுங்கள். சில போன்களில் வாங்கும்போதே ஆனில் இருக்கும், கன்னத்து மச்சத்தைக்கூடத் துடைத்துவிடும்.

வகிடு:
தூரமும் லென்ஸும் பேசிட்டீங்க, கண்ணாடியை விட்டுட்டீங்க. "வகிடு மாத்தி எடுத்திருக்கீங்க"ன்னு ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. முன்கேமரா முன்னோட்டம் இடம்வலம் மாறித்தான் தெரியும். ஐபோன்ல செட்டிங்ஸ், கேமரா, அதுல மிரர் ஃபிரன்ட் கேமரா ஆன்ல இருந்தா சேமிக்கிறதும் அப்படியே. 1977-லயே அமெரிக்காவுல சோதிச்சிருக்காங்க: தனக்குப் பிடிக்கிறது கண்ணாடி முகம், தோழிகளுக்குப் பிடிக்கிறது நேர் முகம். நான் இப்போ பிரிண்ட்டோட சேர்த்து, திரையில திருப்பிப் போட்டும் காட்டிடறேன். அதைப் பார்த்ததும் "ஆங், இதுதான் நான்"ங்கிறாங்க. அப்புறம் நேர்ப் படத்தையே வாங்கிட்டுப் போறாங்க.